பட்டாம்பூச்சி பறந்தால் மருந்து அடிக்கணுமா?

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் தஞ்சைப் பகுதி விவசாயி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பட்டாம்பூச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன். "நாற்றுக்கும் நடவுக்கும் பணம் புரட்ட வழியைக் காணோம், இவர் பட்டாம்பூச்சிக் கதை சொல்ல வந்துட்டாரே" என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். இது நம் மடியில் இருக்கிற பணத்தைப் பற்றிய பேச்சுதான். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்கு மூன்று ஏக்கர் நிலம். நம் கணக்கில் ஒன்பது மா. சில வருஷங்களுக்கு முன்னால் தாளடி நட்டு இருபது நாள் இருக்கும். காலையில் தண்ணீர் பார்க்கப் போனேன். வயல் மேலே பழுப்பும் மஞ்சளுமாகப் பட்டாம்பூச்சி பறந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் அங்கங்கே இலை ஓரம் கடித்த மாதிரி இருந்தது. எனக்குப் பகீர் என்றது. பக்கத்து வயல்காரர், "பூச்சி இறங்கிடுச்சுண்ணே, விட்டா போச்சு" என்றார். மருந்துக் கடைக்குப் போனேன். இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு தரமும் அடித்தேன். வயல் பச்சைப் பசேல் என்று இருந்தது. "பார்த்தியா, மருந்து வேலை செய்யுது" என்று எனக்கே பெருமை.

கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் நடு வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் காய ஆரம்பித்தது. தூரை விலக்கிப் பார்த்தால் தண்ணீருக்கு மேலே அடித்தண்டில் புகையான் அப்பிக்கிடக்கிறது. மூன்று மா பதராகப் போயிற்று. மருந்துச் செலவும் போய், மகசூலும் போயிற்று. முதலில் பறந்த பட்டாம்பூச்சிக்கும் கடைசியில் வந்த புகையானுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டது ஒரு பூங்காவில் தொடங்கியது.

மேலூர் பூங்கா

அறுவடை முடிந்து, பேத்தியின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் திருச்சிப் பக்கம் வேனில் கூட்டிப்போனார்கள். பெரியவர் ஒருவர் துணைக்கு வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். போன இடம் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் இருக்கிற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. உங்களில் பலர் ரங்கநாதர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள், இந்தப் பூங்காவைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நம் தண்ணீர் வருகிற வழியிலேதான் அது இருக்கிறது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது இல்லையா? 1836இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டின இடம். அங்கேயிருந்து காவிரி ஒரு பக்கமும் கொள்ளிடம் ஒரு பக்கமுமாக ஓட, நடுவிலே ஸ்ரீரங்கம் தீவு. அந்த மேலணைக் காப்புக்காட்டில் சுமார் 25 ஏக்கரில் வனத்துறை அமைத்த பூங்கா இது. 2015 நவம்பரில் திறந்தார்கள். இதுவரைக்கும் நூறுக்கும் மேற்பட்ட வகைப் பட்டாம்பூச்சிகளை அங்கே பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் ஏதோ மிருகக்காட்சிசாலை மாதிரிக் கூண்டுக்குள் அடைத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். உள்ளரங்கக் கூடம் ஒன்று உண்டுதான். ஆனால் பெரும்பகுதி திறந்தவெளி. நட்டு வைத்திருக்கிற செடிகளைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. எருக்கு, ஆவாரை, கறிவேப்பிலை, எலுமிச்சை, அரளி, கொன்றை. "இதையெல்லாம் பார்க்கவா இம்மாந்தூரம் வந்தோம்? நம்ம வாய்க்கால் கரையிலே கிடக்கே!" என்றேன். அங்கே வேலை பார்க்கிற ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா, செடி இருந்தா பூச்சி வரும். செடி இல்லேன்னா காசு கொடுத்து வாங்கி விட்டாலும் தங்காது."

அவர் சொன்ன விஷயம் நமக்கு மிகவும் வேண்டியது. அதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

தாய்க்குத் தேன், பிள்ளைக்கு இலை

பட்டாம்பூச்சிக்கு நான்கு பருவம் உண்டு. முட்டை, புழு, கூட்டுப்புழு, பிறகு இறக்கை முளைத்த தாய்ப்பூச்சி. இதிலே இலையைத் தின்பது புழு மட்டும்தான். பறக்கிற பூச்சிக்கு இலையைக் கடிக்க வாயே கிடையாது. சுருட்டி வைத்த கடிகார வில் மாதிரி ஓர் உறிஞ்சு குழல் இருக்கும். அதை நீட்டித் தேனைக் குடிக்கும், ஈரச் சேற்றில் உப்பை உறிஞ்சும். நாற்றங்கால் ஓரத்தில் பத்து இருபது பூச்சி ஒன்றாக உட்கார்ந்திருக்கிறதே, அது உப்புக்காக உட்கார்ந்திருக்கிறது. நாற்றைத் தின்ன வந்ததல்ல.

அடுத்தது, எந்தப் புழுவும் எல்லா இலையையும் தின்னாது. ஒவ்வொரு வகைக்கும் இன்ன செடிதான் என்று உண்டு. தாய்ப்பூச்சி இலை மேல் உட்கார்ந்து காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். அதற்குக் காலிலேயே ருசி தெரியும். தன் பிள்ளைக்கு ஆகிற இலை என்று தெரிந்தால்தான் முட்டையிடும். ஆகையால் ஒரு பட்டாம்பூச்சியின் பெயர் தெரிந்தால் அது எந்தச் செடியின் பிள்ளை என்று தெரிந்துவிடும். செடி தெரிந்தால் அது நமக்கு எதிரியா, வழிப்போக்கனா என்று தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் சாதாரணமாகப் பார்க்கிற சிலவற்றைச் சொல்கிறேன்.

ஆரஞ்சு நிறத்தில், இறக்கை நுனி கறுத்து, அதிலே வெள்ளைப் புள்ளியோடு மெதுவாகப் பறப்பதற்கு வெந்தய வரியன் என்று பெயர். இது எருக்குக்குப் பிறந்தது. புழு எருக்கம்பாலைக் குடித்து வளர்வதால் அந்த நஞ்சு உடம்பில் ஏறிவிடும். ஒரு தடவை தின்று வாந்தி எடுத்த பறவை மறுபடி அந்தப் பக்கம் போகாது. அதனால்தான் அது பயமில்லாமல் ஆடி அசைந்து பறக்கிறது. இது நெல்லைத் தொடவே தொடாது.

கறுப்பு இறக்கையும் ரத்தச் சிவப்பு உடம்புமாகப் பெரிதாகப் பறப்பது சிவப்புடல் அழகி. இதன் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளை. ஆடு வாய் வைக்காத அந்தச் செடியைத் தின்று இதுவும் நஞ்சேறிக்கிடக்கிறது. இதிலே ஒரு வேடிக்கை. நம் கொல்லைக் கறிவேப்பிலையில் முட்டையிடுகிற கறிவேப்பிலை அழகி என்று ஒன்று உண்டு. அதற்கு நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்பூச்சிகளில் சில, சிவப்புடல் அழகியின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பறக்கும். பறவையும் ஏமாந்து ஒதுங்கிவிடும். கூத்து மேடையில் ராஜா வேஷம் கட்டியவனைப் பார்த்துக் குழந்தைகள் நடுங்குகிற மாதிரிதான்.

வாலில்லாமல், கறுப்பில் மஞ்சள் திட்டுத் திட்டாக இருப்பது எலுமிச்சை அழகி. எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இவற்றின் கொழுந்தில் இதன் புழுவைப் பார்க்கலாம். சின்னதில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். பெரிதானதும் இலைப் பச்சையாகிவிடும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவந்த கொம்பு நீட்டி ஒரு வாடை விடும். எலுமிச்சைக் கன்று வைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சின்னக் கன்றை மொட்டையடித்துவிடும். கையாலே பொறுக்கிப் போட்டால் போதும். வளர்ந்த மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

வெளுத்த மஞ்சளில் வேகமாகப் பறக்கிற கொன்னை வெள்ளையனுக்குக் கொன்றை மரம். சின்னதாக, எலுமிச்சம்பழ மஞ்சளில், தரையோடு தரையாகப் பறப்பது புல்வெளி மஞ்சள் பூச்சி. இது அகத்தியிலும் தக்கைப்பூண்டிலும் முட்டையிடும். நான் மருந்து அடித்த அன்றைக்குப் பறந்த மஞ்சள் பூச்சி இதுதான். தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலைச் சுற்றி அது பறக்காமல் வேறு எது பறக்கும்? அதைப் பார்த்துத்தான் நான் கடைக்கு ஓடினேன்.

கறுப்பில் நீலக் கோடு போட்ட பூச்சிகள் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியில் கூட்டமாக மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஆண் பூச்சிகள். அந்தச் செடியின் சாற்றை உறிஞ்சித்தான் பெண்ணைக் கவர்கிற வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. மேற்கு மலைக்கும் கிழக்கு மலைக்கும் நடுவே மழைக்காலத்தை ஒட்டி வலசை போகிற கூட்டம் அது. நம் வயலுக்கு அவை வெறும் வழிப்போக்கர்கள்.

நமக்குத் தொல்லை கொடுப்பவை எவை?

"அப்படியானால் பட்டாம்பூச்சி எல்லாமே நல்லதா?" என்று கேட்பீர்கள். அப்படியும் சொல்லமாட்டேன். நெல் இலையைத் தின்கிற சிலவும் உண்டு. அவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. முக்கியமாக இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, கொம்புப் புழு. பச்சையாக இருக்கும். தலையில் இரண்டு கொம்பு, பின்னால் இரண்டு முள். இதன் தாய்ப்பூச்சி பழுப்பு நிறம். பொழுது சாய்ந்த பிறகுதான் பறக்கும். இறக்கையில் கண் மாதிரிப் புள்ளி இருக்கும். கோடையில் பிறக்கிற பூச்சிக்கு அந்தக் கண் மங்கிப்போய், பார்க்கக் காய்ந்த சருகு மாதிரியே இருக்கும்.

இரண்டாவது, நெல் தாவும் பூச்சி. சின்ன பழுப்புப் பூச்சி, விசுக் விசுக்கென்று தாவித் தாவிப் பறக்கும். புழு வெளிர்பச்சை. கழுத்து ஒடுங்கித் தலை தனியாகத் தெரியும். இலையை மடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து உள்ளே கடித்துக்கொண்டு வரும். என் வயலில் அன்றைக்கு இலை ஓரம் கடித்திருந்தது இதன் வேலைதான்.

இந்த இரண்டும் நெல்லில் பெரிய சேதம் செய்வது அபூர்வம். இவற்றை அடக்குவதற்குச் சிலந்தியும், முட்டைக்குள் முட்டையிடுகிற சின்னக் குளவியும், புழுவைக் குத்துகிற குளவியும் வயலிலேயே இருக்கின்றன. இதற்காக மருந்து வாங்கத் தேவையே இல்லை.

நெல் தரிசில் உளுந்து போடுகிறவர்கள் நீலப் பட்டாம்பூச்சியைக் கவனியுங்கள். இதன் புழு மொக்கையும் பிஞ்சுக் காயையும் துளைக்கும். புழுவின் உடம்பில் சுரக்கிற இனிப்புக்காக எறும்பு அதைச் சுற்றியே திரியும். உளுந்துச் செடியில் எறும்பு ஏறி இறங்கினால் மொக்கைப் பிரித்துப் பாருங்கள். மாதுளை வைத்திருப்பவர்களுக்குப் பழத்தைத் துளைக்கிற இன்னொரு பட்டாம்பூச்சி உண்டு. பிஞ்சிலேயே துணிப் பையோ காகிதப் பையோ கட்டிவிட்டால் தப்பிக்கலாம்.

பட்டாம்பூச்சியிலேயே நமக்கு வேலைக்காரனாக இருப்பதும் ஒன்று உண்டு. அதன் புழு இலையே தின்னாது. மாவுப்பூச்சியைத்தான் தின்னும்! 2008க்குப் பிறகு பப்பாளியிலும் மரவள்ளியிலும் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பிக்கொண்டு நம் மாநிலத்தையே ஆட்டிவைத்தது ஞாபகம் இருக்கும். அந்த மாவுக்குள்ளே தானும் மாவைப் பூசிக்கொண்டு இந்தப் புழு மேய்ந்துகொண்டிருக்கும். இதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் குட்டிக் குரங்கு முகம் மாதிரியே இருக்கும். மாவுப்பூச்சி நடுவே குரங்கு முகம் தெரிந்தால் அந்தக் கிளையில் மருந்து அடிக்காதீர்கள்.

உண்மையான எதிரி அந்துப்பூச்சி

நெல்லில் நம்மை அழவைப்பவை இலைச்சுருட்டுப் புழுவும் தண்டு துளைப்பானும். இந்த இரண்டுக்கும் தாய் பட்டாம்பூச்சி அல்ல, அந்துப்பூச்சி. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி சொல்கிறேன்.

பட்டாம்பூச்சி பெரும்பாலும் பகலில் பறக்கும். உட்காரும்போது இறக்கை இரண்டையும் முதுகுக்கு மேலே கைகூப்புகிற மாதிரிச் சேர்த்து வைக்கும். தலையில் உள்ள உணர்கொம்பின் நுனி தீக்குச்சித் தலை மாதிரித் தடித்திருக்கும். அந்துப்பூச்சி பெரும்பாலும் இரவில் பறக்கும். உட்காரும்போது இறக்கையைக் கூரை மாதிரிச் சாய்த்தோ தட்டையாகவோ வைக்கும். உணர்கொம்பு நூல் மாதிரியோ இறகு மாதிரியோ இருக்கும்.

இலைச்சுருட்டுப் புழுவின் அந்து சின்னது, வெளிர்மஞ்சள், இறக்கையில் கறுப்பு அலைக்கோடு இருக்கும். வயலில் நடந்தால் காலடியில் எழுந்து, கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்துவிடும். இதன் புழு இலையை நீளவாக்கில் சுருட்டி, உள்ளே பச்சையத்தைச் சுரண்டும். இலையில் வெள்ளைக் கோடு விழும். தாவும் பூச்சி அப்படியில்லை, இலை ஓரத்தையே காணாமல் அடித்துவிடும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் அன்றைக்கு எனக்குப் பாதிப் பணம் மிச்சம்.

தண்டு துளைப்பானின் பெண் அந்து மஞ்சள் நிறம். முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு. இலை நுனிப் பக்கம் முட்டையைக் குவியலாக இட்டு, பழுப்பு மயிரால் மூடிவைக்கும். நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் முட்டைக் குவியல் அதோடு போய்விடும். செலவில்லாத வேலை.

எப்போது மருந்து?

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து அடியுங்கள் என்கிறேன். வயலின் குறுக்கே நடந்து அங்கங்கே தூர்களைப் பாருங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கு இது.

இலைச்சுருட்டு என்றால், தூர் கட்டுகிற பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலையும், பூக்கிற பருவத்தில் கண்ணாடி இலையில் நூற்றுக்கு ஐந்தும் சேதமானால்தான் மருந்து. தண்டு துளைப்பான் என்றால், நடுக்குருத்துக் காய்ந்தது நூற்றுக்குப் பத்து, அல்லது சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல். புகையான் என்றால், தூரின் ஒரு கிளைப்புக்கு ஒரு பூச்சி. தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் கிளைப்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம்.

இந்தக் கடைசிக் கணக்கைக் கவனித்தீர்களா? ஒரு சிலந்தி இருந்தால் புகையானை இரண்டு மடங்கு பொறுக்கலாம் என்கிறார்கள். அந்தச் சிலந்தியைத்தான் நான் இருபதாம் நாளே கொன்றேன். புகையான் முட்டையைக் குடிக்கிற நாவாய்ப் பூச்சியையும் கொன்றேன். புகையானின் முட்டை தண்டுத் திசுக்குள்ளே பத்திரமாக இருந்தது. குஞ்சு பொரித்து வந்தபோது அதைத் தின்ன வயலில் ஆள் இல்லை. நான் பச்சை கட்டக் கொட்டிய யூரியாவும் அதற்கு விருந்தாகிவிட்டது. பட்டாம்பூச்சிக்கும் புகையானுக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

"இலை கடிபட்டுப்போனால் மகசூல் குறையாதா?" என்று கேட்கலாம். இளம்பயிர் கடிபட்ட இலைக்குப் பதில் புது இலை விட்டுச் சமாளித்துக்கொள்ளும். இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். வியட்நாமில் நம்மைப் போலவே ஒரு டெல்டா இருக்கிறது, மீகாங் ஆற்று டெல்டா. அங்கே லாங் ஆன் மாகாணத்தில் 1994இல், விதைத்த முதல் 40 நாளுக்கு இலைச்சுருட்டுக்கென்று மருந்து அடிக்க வேண்டாம், வேண்டுமானால் ஒரு பகுதியில் மட்டும் அடிக்காமல் விட்டுச் சோதித்துப் பாருங்கள் என்று விவசாயிகளிடம் சொன்னார்கள். எதன் மூலம் சொன்னார்கள் தெரியுமா? ரேடியோ நாடகம் போட்டு! ஒரு போகத்தில் மூன்று தடவைக்கு மேல் அடித்தவர்கள் சராசரி இரண்டு தடவைக்கும் கீழே இறங்கினார்கள். மகசூல் குறையவில்லை. 1966இல் ஆடுதுறை 27 வந்தபோது ரேடியோவில் கேட்டு நட்டு, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்த ஜில்லா நம்முடையது. ரேடியோவில் கேட்டு விதை மாற்றிய நாம், மருந்தைக் குறைக்க மாட்டோமா?

வரப்பில் என்ன வைக்கலாம்?

பூங்காவில் செய்ததை நாம் வரப்பில் செய்யலாம். பட்டாம்பூச்சி குடிக்கிற அதே தேனைத்தான் நமக்கு உதவுகிற குளவிகளும் குடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவி, தேன் கிடைத்தால் கூடுதல் நாள் உயிரோடிருந்து கூடுதல் முட்டையை அழிக்கும். சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாட்டிலும் வரப்பில் எள் போன்ற பூச்செடிகளை வைத்துச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பூச்சிமருந்துத் தெளிப்பு நூற்றுக்கு எழுபது குறைந்தது, நெல் மகசூல் நூற்றுக்கு ஐந்து கூடியது.

நம் வரப்பில் தட்டைப்பயறு, உளுந்து, எள், சூரியகாந்தி, செண்டுப்பூ இவற்றை வைக்கலாம். வரப்பு சின்னதாக இருந்தால் தட்டைப்பயறு மட்டுமாவது ஊன்றுங்கள். குழம்புக்கும் ஆகும். வாய்க்கால் கரையில் தும்பை, ஆவாரை, எருக்கு இருந்தால் இருக்கட்டும். அவற்றில் நெல்லுக்கு ஆகாத பூச்சி எதுவும் வளராது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பூச்செடி வேறு, புல் வேறு. வரப்பில் மண்டுகிற புல்லில் இலைச்சுருட்டும் கொம்புப் புழுவும் தாவும் பூச்சியும் தங்கும். ஆகவே புல்லைச் செதுக்கத்தான் வேண்டும். பார்த்தீனியத்தையும் பிடுங்கி எறியத்தான் வேண்டும். வரப்பு வெட்டும்போது ஆளிடம், "புல்லை வெட்டு, பூவை விடு" என்று சொல்லிவிட்டால் போதும்.

முட்டைக் குளவியை அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். ட்ரைக்கோகிரம்மா என்று கேட்டு வாங்குங்கள். இலைச்சுருட்டுக்கு நட்ட 37ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவையாக மூன்று தடவை, ஏக்கருக்கு 2 சிசி வீதம் கட்டலாம். கட்டின வயலில் பூச்சிமருந்து அடித்தால் அட்டைக்குக் கொடுத்த காசு வீண். யூரியாவை ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். புழு தென்பட்டால் முதலில் வேப்பங்கொட்டைக் கரைசல். ஏக்கருக்குப் பத்து கிலோ கொட்டையை இடித்து ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

ஊறுகாய் பாட்டில் சோதனை

கடைசியாக, வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள். வயலில் பெயர் தெரியாத புழு கண்டால், அது இருந்த இலையோடு ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைக்கச் சொல்லுங்கள். தினமும் அதே செடியின் புது இலை போட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் என்ன வெளியே வருகிறது என்று பாருங்கள். பட்டாம்பூச்சியா, அந்துப்பூச்சியா என்று அதுவே சொல்லிவிடும்.

பூங்காவுக்குப் போய்வந்த பிறகு என் பேத்தி இதைச் செய்தாள். சம்பா நட்டு முப்பது நாள் இருக்கும். வயலிலிருந்து ஒரு பச்சைப் புழுவைக் கொண்டுவந்து வைத்தாள். நாலைந்து நாளில் புழு சுருண்டு போயிற்று. அதன் மேலே அரிசிக் குருணை மாதிரி வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. "தாத்தா, செத்துப்போச்சு" என்று அழுதாள். "தூக்கிப் போடாதே, இருக்கட்டும்" என்றேன். ஒரு வாரம் கழித்துப் பாட்டிலுக்குள் கறுப்பாகப் பத்துப் பன்னிரண்டு சின்னக் குளவி பறந்துகொண்டிருந்தன. அந்தப் புழுவுக்குள்ளே முட்டையிட்டு, அதைத் தின்று வளர்ந்த குளவிகள். துணியை அவிழ்த்து வரப்பிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

அந்த வருஷம் நான் எண்ணிப் பார்த்ததில் சேதம் அந்தக் கணக்கை எட்டவில்லை. ஒன்பது மாவிலும் பூச்சிமருந்து அடிக்காமலே அறுத்தேன். எல்லா வருஷமும் அப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். போன வருஷம் தண்டு துளைப்பானுக்கு ஒரு தடவை அடிக்க வேண்டித்தான் வந்தது. ஆனால் எண்ணிப் பார்த்து, பெயர் தெரிந்து, ஒரே ஒரு தடவை அடித்தேன்.

2019இல் நம் அரசாங்கம் தமிழ் மறவன் என்கிற பட்டாம்பூச்சியை மாநிலத்தின் வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அது மலைக்காட்டுப் பூச்சி, நம் வயலில் பார்க்க முடியாது. நம் வரப்பில் பறப்பவை சாதாரணப் பூச்சிகள்தான். ஆனால் வரப்பில் பட்டாம்பூச்சி பறக்கிறது என்றால் அங்கே பூ இருக்கிறது, மருந்து வாடை இல்லை, குளவிக்கும் சிலந்திக்கும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த தடவை திருச்சிப் பக்கம் போனால் மேலூர் பூங்காவுக்குள் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். திரும்பி வந்து உங்கள் வரப்பிலும் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள்.

நாளைக் காலையில் வயலில் பட்டாம்பூச்சி பறந்தால் கடைக்குப் போகாதீர்கள். குனிந்து தூரைப் பாருங்கள்.